ஒரு மாகாணித் திருப்பு

சரியாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் அத்தானால் முடியாது. ஓடாமல் கிடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அவர் வீட்டுக் கிணற்று ராட்டினம் ஆறு மாதம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அது அவர் காதில் விழுந்ததே இல்லை. ஆனால் குறையில்லாமல் ஓடுகிற ஒன்று எதிரே வந்துவிட்டால் தலை இடப்பக்கம் சாயும். கண் மூடிக்கொள்ளும். இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, காற்றில் எதையோ திருகத் தொடங்கும்.

"ஓடுது மாப்ளே. ஆனா பாட மாட்டேங்கு" என்பார்.

இதைக் கேட்டதும் என் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அத்தானுக்குச் சங்கரன்கோவிலில் வத்தல் மண்டி. கால், அரைக்கால், மாகாணி என்று நாள் முழுவதும் நிறுவையில் புழங்கியவர் என்பதால் எதைத் திருகினாலும் அந்தக் கணக்கில்தான் திருகுவார். ஒரு முழுச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு மாகாணி. அதற்குக் கீழேயும் பங்குகள் உண்டு. ஆனால் மாகாணியில் நிறுத்திக்கொள்வதைத் தன் அடக்கம் என்று அவர் நினைத்திருந்தார்.

அவர் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரம் என் தகப்பனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. பதினோரு வருஷம் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதன் முன் நின்று தலையைச் சாய்த்தார். அதன்பிறகு அந்த வீட்டில் நேரம் என்பது ரயில் ஊதுவதை வைத்துத்தான். காலை வண்டி ஊதினால் இட்லி, மாலை வண்டி ஊதினால் விளக்கு. கடிகாரம் மட்டும் பன்னிரண்டே காலைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் படகு இஞ்சின் வந்து சேர்ந்தது.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம். வத்தல் விஷயமாகக் கொல்லத்துக்குப் போன அத்தான், சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு தோட்டத்துரையின் பழைய வேகப்படகை அங்கே வாங்கிவிட்டார். வெள்ளைச் சாயம் உரிந்த பலகைப் படகு. அதன் பின்புறம் மாட்ட, பட்டாளத்துச் சாமான் ஏலத்திலிருந்து ஒரு இஞ்சின். தலையில் இரும்புத் தட்டு, கீழே நீண்ட ஒற்றைக் கால், கால் நுனியில் மூன்று இதழ் விசிறி. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு ஊசித்திருகு தீர்மானிக்கும். அந்தத் திருகை இஞ்சினின் முகப்பிலேயே, ஸ்பானரும் ஸ்குரூடிரைவரும் இல்லாமல் வெறும் விரலால் திருகும்படி வைத்திருந்தார்கள். அதை அப்படி வைத்த வெள்ளைக்காரன் யாரென்று தெரிந்தால் அக்கா கடிதம் எழுதியிருப்பாள்.

படகு கொல்லத்திலேயே ஒரு தோணிக்காரரின் கொட்டகையில் தங்கியது. இஞ்சின் மட்டும் எங்கள் ஊருக்கு வந்தது. ஏனென்றால் வருஷத்தில் பத்து நாள்தான், மே மாதத்தில், குடும்பத்தோடு கொல்லத்து உப்பங்கழிக்கு, அவர்கள் சொல்லில் காயலுக்கு, போவது. மீதி முன்னூற்றைம்பத்தைந்து நாளும் இஞ்சினைப் பதப்படுத்த வேண்டும் என்று அத்தான் முடிவு செய்திருந்தார்.

எங்கள் ஊரில் ஆறு இல்லை, ஏரி இல்லை. கோயில் தெப்பக்குளம் ஒன்றுண்டு. முதல் வருஷத் தைத் தெப்பத்தின்போது, தெப்பத்தை வடம் பிடித்து இழுப்பதற்குப் பதில் தன் இஞ்சினை மாட்டினால் நாலு நிமிஷத்தில் ஒரு சுற்று வரும் என்று விழா ஏற்பாட்டுக்காரர் ஒருவரிடம் சொன்னார். அந்தப் பெரியவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சாமிக்கு என்ன அவசரம் அண்ணாச்சி?" என்றார்.

ஆகவே புழக்கடையில் ஒரு தார் பீப்பாய் வைக்கப்பட்டது. மேலே ஒரு கட்டை, அதில் இஞ்சின். பீப்பாய் நிறைய இருபத்திரண்டு வாளித் தண்ணீர் வேண்டும். மண்டி ஆட்கள் மண்டியில் இருப்பார்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஞாயிறு மட்டும் கை கொடுப்பேன். மற்ற நாள் அக்காவும் மூத்த பெண்ணும் இறைப்பார்கள். சித்திரையில் எங்கள் ஊர்க் கிணறுகள் எப்படிக் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாளி அடித்தரையில் இடிக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இஞ்சின் ஒரு தடவை ஓடியதும் அத்தனை தண்ணீரும் எண்ணெய் மிதந்து பாழாகிவிடும். வாழைக்கு ஊற்றிப் பார்த்தோம், வாழை போய்விட்டது. பெட்ரோலில் எண்ணெய் கலக்க அளவு வேண்டுமென்று அத்தான் அடுப்படி ஆழாக்கை எடுத்துப் போனார். ஒரு மாதம் எங்கள் உப்புமாவில் அந்த வாசனை இருந்தது.

மண்டிக்காரர் சட்டையிலும் கையிலும் இருக்கிற வத்தல் தூள் இஞ்சினுக்குள்ளும் போகும். அது தும்மும். அதன் புகை தெருவுக்குப் போகும். தெரு தும்மும். "அண்ணாச்சி போட் விடுதாரு" என்று சொல்லி எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மண்டி ஆள் ஒருவன் கோயில் புற்றுமண் கொஞ்சம் கொண்டுவந்து, "எதுக்கும் பூசிப் பாருங்க அண்ணாச்சி, எங்க மாட்டுக்குக் கேட்டுச்சு" என்று நீட்டினான். அத்தான் அவனை வைத தினுசில் அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் நான் பார்த்தபோது பெட்ரோல் டாங்கிக்குப் பின்னால், எளிதில் யாருக்கும் தெரியாத இடத்தில், விரலளவு மண் பூசியிருந்தது.

மூன்று மே மாதங்கள் இப்படிப் போயின. ஒவ்வொரு முறையும் இஞ்சினைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு அத்தான் ரயிலில் வருவார். முதல் பயணத்தில் எல்லையில் ஏறிய திருவாங்கூர்ச் சுங்கக்காரர் ஜமுக்காளத்தைப் பிரிக்கச் சொன்னார்.

"இது என்ன?"

"போட் இஞ்சின்."

"போட் எங்கே?"

"கொல்லத்துல."

"நீங்க எங்கே இருந்து?"

"சங்கரன்கோயில்."

"அங்கே ஆறு உண்டா?"

"இல்ல."

"காயல்?"

"இல்ல."

"பின்னே?"

"பீப்பா இருக்கு" என்றார் அத்தான்.

அந்த மனிதர் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு தன் தாளில், 'தண்ணீர் இறைக்கும் பம்பு, ஒன்று' என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். குகையெல்லாம் தாண்டி மலை இறங்கும்வரை அத்தான் ஜமுக்காளத்தை மறுபடி மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், "பம்பாம்லா, பம்பு" என்றார் ஜன்னலைப் பார்த்து. குழந்தைகள் சிரிப்பை அடக்க அக்காவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அக்கா அடக்கவில்லை.

காயலில் ஒவ்வொரு வருஷமும் நடந்தது ஒன்றுதான். பீப்பாயில் பாடிய இஞ்சின் காயலில் இருமும். அத்தான் பத்து நாளும் ஊசியைத் திருகுவார். நாங்கள் கரையில் கட்டிய படகில் புளியோதரை சாப்பிடுவோம். கிளம்பினாலும் நூறு கெஜம். அங்கே தலை சாயும், விரல் போகும், இஞ்சின் நிற்கும். தோணிக்காரர் கழியை எடுத்து ஊன்றிக் கரைக்குக் கொண்டுவருவார். பத்தாம் நாள் எப்படியோ ஒழுங்காக ஓடத் தொடங்கும். அன்று மாலை எங்களுக்கு ரயில். ஊருக்கு வந்ததும், பீப்பாயில் வைத்து, ஒழுங்காக இருந்ததை மறுபடி மாற்றுவார்.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். "பீப்பாயில அது யாரையும் சுமக்கலையே? தன் பாட்டுக்குச் சுத்துது. அங்க போனா நம்ம ஆறு பேரையும்லா இழுக்கணும்" என்றாள் ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு.

அத்தான் இதைப் பெரிதாக யோசித்தார். யோசித்ததன் பலன் அடுத்த ஞாயிறு தெரிந்தது. மண்டி மாட்டுவண்டியைப் புழக்கடைக்குக் கொண்டுவந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியின் பின்பலகையில் இஞ்சினை மாட்டி, அதன் காலைப் பீப்பாய்க்குள் விட்டார். பிறகு எங்களை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார்.

"எதுக்கு?" என்றேன்.

"பாரம் வேணும்னு உங்க அக்காதானே சொன்னா. ஏறு மாப்ளே. வண்டியில ஆள் ஏறுனா பாரம்தானே."

"அத்தான், வண்டி நிக்குது. நாங்க ஏறினது இஞ்சினுக்குத் தெரியாது."

"அதெல்லாம் தெரியும்" என்றார்.

அக்கா, இரண்டு பெண்கள், நான், எடை போதாதென்று இரண்டு வத்தல் மூட்டை. மாடில்லாத வண்டியில், சித்திரை வெயிலில், நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டார். "கொல்லத்துக்கு" என்றாள் அக்கா. "போய்ச் சேர்ந்ததும் காயிதம் போடுதேன்."

நாலாவது வருஷம் மூத்த பெண்ணுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம். அந்தச் சித்திரையில் ஒருநாள் கிணற்றடியில் அக்கா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஏலே தம்பி, நாலு வருஷமா எத்தன வாளி எறைச்சிருக்கேன்னு நீ எழுதி வச்சிருப்ப. எங்கிட்டச் சொல்லாத. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த எதிர்க்கரைக்கு ஒரு தடவ போவணும். இவளையும் கூட்டிக்கிட்டு. ஆவணிக்கு அப்புறம் இவ சிவகிரிக்காரி. மாமியாகிட்டப் போயி, எங்கப்பா போட் விடுதாக, பத்து நாள் அனுப்புங்கன்னா அனுப்புவாளா? பைத்தியக்காரக் குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டோம்னுல்லா நெனைப்பா."

எதிர்க்கரை என்றால், தோணிக்காரரின் கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரிகிற தென்னை வரிசை. அதன் நடுவே வெள்ளையாக ஏதோ ஒன்று பளிச்சென்று நிற்கும். பங்களா என்பாள் சின்னவள். கோயில் என்பாள் பெரியவள். மூன்று வருஷமாக அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் புளியோதரை சாப்பிட்டார்கள். இந்தத் தடவை கட்டாயம் போகிறோம் என்று அக்கா மூத்தவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தோணியில் போகலாமே என்று நான் சொன்னதற்கு என்னை முறைத்தாள். "இத்தன வாளி எறைச்சது தோணியில போறதுக்கா?"

அந்த மே மாதம் எட்டு நாள் வழக்கம்போல் இருமலில் போயிற்று. ஒன்பதாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குத் தோணிக்காரர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தும்மல் இல்லை, புகை இல்லை. படகின் மூக்கு மேலே எழும்பியது. தோணிக்காரர் அத்தானைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"இப்போ நல்லா ஓடுந்நு அண்ணாச்சி. இனி தொடண்ட."

தொடவேண்டாம் என்கிற சொல் அத்தானைப் பொறுத்தவரை அழைப்பு மாதிரி. ஆனாலும் காயலின் பாதிவரை பொறுத்திருந்தார். வலது கை பிடியில், இடது கை தொடைமேல். காற்று முகத்தில் அடித்தது. மூத்தவளின் ரிப்பன் பறந்து தண்ணீரில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்க்கரை முதல்முறையாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

சின்னவள்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மா, அப்பா தலையச் சாய்க்காக."

கண் மூடியாயிற்று. இடது கை தொடையைவிட்டுக் கிளம்பி, இரண்டு விரலும் ஊசித்திருகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா எழுந்தாள். ஓடுகிற படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று மூன்று வருஷமாக அவளுக்குச் சொல்லியிருந்தோம். இரண்டு எட்டில் பின்பலகைக்குப் போய், அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அந்த இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அத்தான் கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி, என்ன பண்ணுத? விடு. ஆளுக பாக்காங்க."

"பாக்கட்டும்."

"உன் தம்பி இருக்கான். பிள்ளைய இருக்கு."

"இருக்கட்டும்."

"ஒரு மாகாணிதாம்ட்டி. ஒரே ஒரு மாகாணி. பாட மாட்டேங்கு பாரு."

"பாட வேண்டாம். ஓடட்டும். நீங்க நேரே பாத்து ஓட்டுங்க."

நாங்கள் வாழ்ந்த தெருவில் கணவன் மனைவி ஒன்றாகக் கோயிலுக்குப் போனாலே நடுவில் பத்தடி இருக்கும். பதினெட்டு வருஷத்தில் அவர்கள் கை பட்டு நான் பார்த்தது அவர்கள் கல்யாணத்தன்று மட்டும்தான். மூத்தவள் தண்ணீரைப் பார்த்தாள். சின்னவள் தாராளமாகத் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். தோணிக்காரர் முன்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வலை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்து எழுந்து நின்று சீட்டியடித்தார்கள். அத்தானின் காது சிவந்தது. கையை இழுத்தார், அக்கா விடவில்லை. வாளி இழுத்து இழுத்து அவள் பிடிக்கு வலு ஏறியிருந்ததை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பார்த்தபோது அவர் இழுப்பதை நிறுத்தியிருந்தார். ஆனால் விரல்கள் சும்மா இல்லை. அக்காவின் கைக்குள் அவளுடைய மோதிரம் அவற்றுக்கு அகப்பட்டிருந்தது. அதை அந்தப் பக்கம் ஒரு மாகாணி, இந்தப் பக்கம் ஒரு மாகாணி திருகிக்கொண்டிருந்தார்.

புறப்பட்டதிலிருந்து முப்பத்தொரு நிமிஷத்தில் எதிர்க்கரை. அந்த வெள்ளை, பங்களாவும் இல்லை, கோயிலும் இல்லை. சுண்ணாம்புக்குச் சுடுவதற்காக ஆளுயரத்துக்குக் குவித்துவைத்திருந்த கிளிஞ்சல். பக்கத்தில் காளவாசல் புகைந்துகொண்டிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் குவியலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள், கோயிலைச் சுற்றுவதுபோல. ஒரு கிளிஞ்சலை எடுத்து மூத்தவளின் கையில் வைத்து, "கூட்டிட்டு வந்துட்டேன்லா?" என்றாள்.

காளவாசல்காரர் இளநீர் சீவிக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அத்தான் படகுக்குப் போய்விட்டார்.

"அக்கா, அத்தான்!" என்றேன்.

அக்கா இளநீரிலிருந்து வாயை எடுக்கவில்லை. குடித்து முடித்துவிட்டுத்தான், "இனி என்ன வேணும்னாலும் திருகட்டும்" என்றாள்.

திருகினார். ஒரே ஒரு மாகாணிதான் என்று பிறகு சத்தியம் செய்தார். நாற்பத்தேழு தடவை கயிறு இழுத்தோம். இஞ்சின் இருமக்கூட இல்லை. தோணிக்காரர் கழியை எடுத்தார். கரை ஓரமாகவே வளைந்து வளைந்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அத்தான் இஞ்சினை மடியில் பிரித்துப்போட்டுக்கொண்டு, இந்த நாலு வருஷத்தில் நான் பார்த்திராத சந்தோஷத்தில் இருந்தார். "கண்டுபிடிச்சிட்டேன் மாப்ளே, ஊர்ல போயி பீப்பாயில வச்சு..." என்று தொடங்கினார். அக்கா முன்பலகையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பீப்பாய் என்ற சொல்லுக்குக்கூட முகம் சுளிக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். விடியலுக்கு முந்திய முகூர்த்தம் என்பதால் பந்தலில் ஆறு காஸ் லைட் தொங்கவிட்டிருந்தார்கள். சிவகிரிச் சம்பந்திகள் முன்வரிசையில். மேளம் வேகமெடுத்தது. பெண்ணின் தகப்பனாராக மணவறையில் நின்ற அத்தானின் தலைக்கு நேர்மேலே ஒரு விளக்கு, ஒரே சீராக இரைந்துகொண்டு பளிச்சென்று எரிந்தது. அந்த விளக்கிலும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு உண்டு.

அத்தானின் தலை இடப்பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். நான் எழுவதற்குள் அக்கா தாம்பாளத்தை யார் கையிலோ திணித்துவிட்டு, மணவறையைச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில் நின்று, மேலே கிளம்பிய இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு கல்யாணத்துல இவுகளுக்கு வந்திருக்க ஆசையப் பாரேன்" என்றாள் சம்பந்தி வீட்டுக் கிழவி ஒருத்தி, பந்தல் முழுவதும் கேட்கும்படி.

மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. தாய் தகப்பனைப் பிரிகிற துக்கம் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் அம்மாவின் கையை. அதற்குள் அத்தானின் விரல்கள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

தாலி ஏறியது. விளக்குகள் ஆறும் விடியும்வரை ஒழுங்காக எரிந்தன.